ரெண்டு பாட்டில்

எம்மா, அந்தப் பைய நகத்தவேண்டாம். இங்க தாங்க, நான் மடியில வச்சிக்கிடுதேன். கீழ வச்சா குலுங்கும். குலுங்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல, எனக்காத் தோணுது. உள்ள ரெண்டு பாட்டில் இருக்கு. சின்னதுதான், உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். நீங்க உக்காருங்க.

பாளையங்கோட்டைக்கா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். கழுத்துல கார்டு தொங்குது, படிச்ச பிள்ள. இறங்குறதுக்குள்ள உங்கட்ட ஒரு உதவி கேப்பேன். இப்ப இல்ல. விசயத்தச் சொல்லாம உதவிய மட்டும் கேட்டா, கிறுக்கின்னு நெனச்சு எழும்பி வேற சீட்டுக்குப் போயிருவிய.

எனக்கு ஆறுமுகநேரி. பேரு தங்கபுஷ்பம். உப்பளத்துல வேலை, முப்பத்தெட்டு வருசமா. என் செட்டுல பதினோரு பொம்பளைய. யாரு எந்தப் பாத்தியில எறங்கணும், யாரு வாரணும், யாரு சுமக்கணும்னு நான்தான் சொல்லணும். கண்ணு இப்ப சரியில்ல. உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்து மங்கிப்போச்சு. காது மட்டும் கூர்மை, அதுல ஒரு குறையும் இல்ல. பலகை போட்டு உப்ப இழுக்கையில சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வரும் பாத்துக்கிடுங்க, அத வச்சே எவளுக்கு இடுப்பு நோவுது, எவ புருசன்ட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கா, எவ வெறும் வயித்தோட நிக்கான்னு சொல்லிருவேன். சும்மா சொல்லல. எங்க அளத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க.

அப்படித்தான் ஜெயக்கொடி பலகை சத்தம் மாறுனது எனக்கு முதல்ல தெரிஞ்சுது.

ஜெயக்கொடி என் தம்பி சுடலைமுத்து பொண்டாட்டி. தம்பி உப்பு லாரி ஓட்டுதான், கேரளாவுக்குப் போனா வர நாலு நாளு, அஞ்சு நாளு ஆவும். பொண்ணு பாத்து, பேசி, கட்டி வச்சது நான். என்னைய மதினி மதினின்னு காலச் சுத்துற பூனை மாதிரி வருவா. அவளுக்கு ஒரே மக, அனுசியா. அந்தப் பிள்ள பேரையும் நான்தான் வச்சேன்.

போன வருசம் பங்குனியில, அவ பலகைய ஒரு இழுப்பு இழுப்பா, நிப்பா. ஒரு இழுப்பு, நிப்பா. கால அகட்டி அகட்டி நடக்கா. மாடத்தின்னு ஒருத்தி உண்டு எங்க செட்டுல, வாயி சும்மா இருக்காது. "என்னட்டி கொடி, லாரி நேத்து ராத்திரி வந்துட்டோ"ன்னா. எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. நானும் சிரிச்சேன், இல்லன்னு சொல்லல. ஆனா லாரி வரலன்னு எனக்குத் தெரியும். தம்பி அன்னைக்குக் கொல்லத்துல நின்னான்.

தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "மதினி, அங்க அரிக்குது"ன்னா. அங்கன்னா அங்கதான். நீங்களும் பொம்பள, விளக்கவேண்டியதில்ல.

நான் ஒண்ணும் பெருசா எடுக்கல. எப்படி எடுக்க? அளத்துல எல்லாருக்கும் அரிப்புதான். விடியுமுன்ன உப்புத் தண்ணியில எறங்குறோம், முட்டு மட்டும் தண்ணி, சேலை நனைஞ்சு ஒட்டிக்கிடும். ஒண்ணுக்குப் போக ஒரு மறைவு கெடையாது, மத்தியானம் வரை அடக்கிக்கிட்டு நிப்போம். அரிக்காம என்ன செய்யும்? எனக்கு அரிச்சிருக்கு, மாடத்திக்கு அரிச்சிருக்கு, எங்க அம்மைக்கு அரிச்சிருக்கு. தேங்கெண்ணெயில மஞ்சளக் குழைச்சுப் போடுன்னேன். போட்டா. கேக்கல. மெடிக்கல்ல படைக்குன்னு ஒரு டியூப் வாங்கிக் குடுத்தேன். கேட்ட மாதிரி இருந்து மறுபடி வந்துட்டு. ரெண்டாவது டியூப், மூணாவது டியூப்.

ஆனி மாசம் நானே பாத்தேன். அவ காட்டமாட்டேன்னா, நான் விடல. செக்கச் செவேல்னு இருந்துச்சு, மேல அங்கங்க வெள்ளையா. எங்க பாத்தி வரப்புல வெயிலுக்கு உப்பு பூக்கும் பாருங்க, செம்மண்ணு மேல மாவு தூவுன மாதிரி. அப்படியே அதுதான். உப்புதான் தின்னுருக்குன்னேன். அந்தப் பழி உப்பு மேல விழுந்துட்டு, பாவம் அது.

டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதும் நான்தாம்மா. இத யாரும் இப்ப நெனைக்கமாட்டாவ. டவுன்ல ஒரு பொம்பள டாக்டர் இருக்காவ, அவியட்ட போனோம். வெளக்கு வச்சுப் பாத்தாவ, கைய வச்சுப் பாத்தாவ, தொடை இடுக்குல ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாத்தாவ. எத்தனை நாளாச்சு, என்னெல்லாம் போட்டியன்னு கேட்டாவ. நான் சொன்னேன். கையக் கழுவிட்டு வந்தாவ. பிறவு சொன்னாவ:

"பாக்க படை மாதிரித்தான் இருக்கு. படையா இருந்தா இவ்வளவு மருந்துக்குக் கேட்டிருக்கணும். ரொம்ப அபூர்வமா ஒரு கட்டி இப்படிப் படை வேசத்துல வரும். ஒரு துண்டு எடுத்துப் பாத்துருவோம்."

"கட்டியே இல்லையே டாக்டரம்மா"ன்னேன்.

"கட்டியாத் தெரியாது. தோலுக்குள்ளயே பரவும். இப்பவே கண்டுபிடிச்சா வெட்டி எடுத்துரலாம், தையல் போட்டு அனுப்பிருவேன். அதனாலதான் சொல்லுதேன்."

கடலைப்பருப்பு அளவு ஒரு துண்டு எடுத்தாவ. மரத்துப்போற ஊசி போட்டுத்தான். அவ என் கையப் பிடிச்சிருந்தா, பாருங்க, இந்த நகத் தடம் அப்ப விழுந்தது. பாட்டில்ல தண்ணி மாதிரி ஒரு மருந்து, அதுக்குள்ள துண்டப் போட்டு, மேல சீட்டு ஒட்டி, செல்லோடேப்பச் சுத்தி, ஒட்டுன கவர் ஒண்ணும் சேத்து எங்கையில குடுத்தாவ. "இன்னைக்கே பாளையங்கோட்டை லேப்புல குடுத்துருங்க. பத்து நாள்ல ரிப்போர்ட்ட வாங்கிட்டு வாங்க"ன்னாவ. எங்க பக்கம் அப்படித்தான். வீட்டாளுகதான் கொண்டு போவணும்.

இதே பஸ்ஸுதான். இதே மாதிரி மடியில வச்சுக்கிட்டுத்தான் போனேன்.

லேப்புல பெரிய வரிசை. கவுண்டர்ல ஒருத்தன் ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கிப் பிடிச்சு, ஒட்டியிருக்க சீட்டச் சத்தமாப் படிச்சு நோட்டுல ஏத்துதான். நான் கடைசியில நிக்கேன். குரலு எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு எட்டிப் பாத்தா, சேர்மதுரை.

சேர்மதுரை யாருன்னா, எங்க அனுசியாவப் பொண்ணு கேட்டிருந்த வீட்டுல மூத்தவன். அவன் தம்பிக்குத்தான் கேட்டிருந்தாவ. நல்ல குடும்பம், பையன் சிப்காட்டுல வேலை. அந்த ஆவணியில வெத்தல பாக்கு மாத்துறதா இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க. பொண்ணு தாய்க்கு எந்த எடத்துல வெட்டி எடுத்திருக்குன்னு அவன் அத்தனை பேர் முன்னாடி சத்தமாப் படிக்கணுமா? படிச்சுட்டு அவன் வீட்டுல போயிச் சொல்லணுமா? அந்தச் சம்பந்தம் நிக்குமா?

காது கூர்மைலா எனக்கு. கடைசியில நின்னாலும் கேட்டுது. இன்னார், வயசு இம்புட்டு, நம்பர் இம்புட்டுன்னு படிக்கான். அடுத்த பாட்டில். இன்னார், வயசு இம்புட்டு, நம்பர் இம்புட்டு. அதுக்கு மேல கேக்க நான் நிக்கல. முந்தானையில பாட்டில முடிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

திரும்பி வரும்போது செய்துங்கநல்லூர் பக்கத்துல போன் அடிச்சுது. "குடுத்தாச்சா மதினி"ன்னா.

"குடுத்தாச்சு"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்லுதிய?

வீட்டுக்குக் கொண்டு போக முடியுமா அத? குப்பையில போட மனசு வரல. அவ ஒடம்புல உள்ளதுல்லா. நேரா அளத்துக்குப் போயி, உப்பக் குவிச்சு வைக்கிற மேட்டோரம் முழங்கை ஆழம் தோண்டி, கவரையும் பாட்டிலையும் வச்சு, மேல உப்பப் போட்டு மூடுனேன். கும்பிட்டுட்டுத்தான் வந்தேன்.

பத்து நாள் கழிச்சு அவ கேட்டா. "ஒண்ணுமில்லன்னு வந்துட்டு, வெறும் படைதானாம்"ன்னேன். அவ அன்னைக்குச் சிரிச்ச சிரிப்ப நீங்க பாத்திருக்கணும். நாலஞ்சு மாசம் கழிச்சு அப்படிச் சிரிக்கா. துண்டு எடுத்த புண்ணும் ஆறிட்டு. அரிப்புகூட கொறைஞ்ச மாதிரி இருக்கு மதினின்னா. கெட்டதத்தான் வெட்டி எடுத்தாச்சே, கொறையாதான்னு நானும் நெனச்சேன். அத்தன பெரிய டாக்டர் வெட்டி எடுத்த பிறவு உள்ள என்ன இருக்கும்?

டாக்டரம்மா ரெண்டு தடவை போன் பண்ணுனாவ. என் நம்பரத்தான் குடுத்திருந்துது. "ரிப்போர்ட் என்னாச்சு"ன்னாவ. "ஒண்ணுமில்லன்னு வந்துட்டும்மா"ன்னேன். "கொண்டு வந்து காட்டுங்க, நான் பாக்கணும்"ன்னாவ. "சரிம்மா, இந்தக் கல்யாணச் சோலி முடியட்டும்"ன்னேன். மூணாவது தடவை நான் எடுக்கல.

தை மாசம் கல்யாணம் ஆச்சு. எம்மா, அப்படி ஒரு கல்யாணம். ஜெயக்கொடி அரக்குச் சேலை கட்டி நின்னா. சேர்மதுரை எனக்குத் தாம்பூலம் எடுத்து நீட்டுதான், "பெரியம்மை, எல்லாம் உங்களாலதான்"னான். மனசுக்குள்ள நெனச்சேன், என்னாலதான்டா, உனக்குத் தெரியாதுடான்னு.

அவ அன்னைக்குப் பந்தியில உக்காரல. நின்னுக்கிட்டே சாப்பிட்டா. ஏன்ட்டி உக்காரலன்னு மாடத்தி கேட்டதுக்கு, "வேலை கெடக்குக்கா"ன்னா. மாப்பிள்ளை வீட்டுக்காரவியளுக்கு மரியாதை குடுக்கான்னு மாடத்திகூட மெச்சிக்கிட்டா. எனக்குக் கேட்டுது. கேட்டும் நான் போயி என்னன்னு கேக்கல. கல்யாண வீட்டுல ஆயிரம் வேலை.

பிறவு பாத்தா அவ என்ட்ட பேசுறது கொறைஞ்சு போச்சு. முன்னமாதிரி மதினி மதினின்னு வரல. இதுதான் எனக்கு வருத்தம். என்னையக் கேக்காம ஒரு ரசம் வைக்கமாட்டா, அப்படிப்பட்டவ போன வாரம் என்ட்ட ஒரு வார்த்தை சொல்லாம, தனியா பஸ் ஏறி அந்த டாக்டர்ட்ட போயிருக்கா. குளிக்கையில இடுக்குல நெல்லிக்கா மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சாம். அந்த எடத்துலயும் இப்ப கட்டியாவே திரண்டு, தொட்டா ரத்தம் வருதாம். ரெண்டு மாசமாவாம். ரெண்டு மாசம் எனக்குத் தெரியாம இருந்திருக்கா பாருங்க. எனக்கு, பலகை சத்தத்தக் கேட்டுச் சொல்லுதவளுக்கு.

டாக்டரம்மா பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, பழைய ரிப்போர்ட் எங்கன்னு. "எங்க மதினிட்ட இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

நேத்து என்னையும் கூட்டிட்டுப் போனா. மறுபடி துண்டு எடுத்தாவ. இந்தத் தடவை இடுக்குல ஊசி வச்சும் உறிஞ்சுனாவ. ஜெயக்கொடிய வெளிய உக்காரச் சொல்லிட்டு என்ட்ட சொன்னாவ. அகலமா வெட்டணுமாம். இடுக்குல உள்ள நெறியெல்லாம் எடுக்கணுமாம். தொடையில இருந்து தோல உரிச்சு ஒட்டணுமாம். பிறவு கரண்டு வைக்கணுமாம். அதுக்கும் மேல, மத்த எடத்துக்கெல்லாம் போயிருக்கான்னு படம் எடுத்துப் பாத்துத்தான் சொல்ல முடியும்னாவ. "போன வருசம் ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா, ஒரு வருசத்துல இவ்வளவு வேகமா எப்படி வளந்துச்சுன்னு எனக்கு விளங்கணும். மருந்து அத வச்சுத்தான் முடிவு பண்ணணும். அந்த ரிப்போர்ட் கண்டிப்பா வேணும். தொலைஞ்சிருந்தா லேப்புல இன்னொரு காப்பி தருவாவ"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாவ. என்னையே பாத்துக்கிட்டிருந்தாவ. படிச்சவிய பார்வையே ஒரு மாதிரி இருக்கும், உங்களச் சொல்லல.

வெளிய வந்தா ஜெயக்கொடி கேக்கா, "நான் பொழைப்பேனா மதினி? அனுசியா முழுகாம இருக்கா. பேரப்பிள்ளையத் தூக்கணும் நான்"னா. "தூக்காம எங்க போவ, கழுத முண்டம்"னு ஏசுனேன். ஏசுனா அவளுக்குத் தெம்பு வரும்.

சாயங்காலம் அளத்துக்குப் போயித் தோண்டுனேன். ஐப்பசி மழைக்குக் கூட அசையாம வச்ச எடத்துல இருந்துச்சு. கவரு மட்டும் கூழாப் போச்சு. பாட்டில் அப்படியே இருக்கு. உள்ள துண்டு அப்படியே மெதக்குது, கொஞ்சம் வெளுத்திருக்கு, அம்புட்டுதான். உப்புல போட்டது எது கெட்டிருக்கு? ஒரு வருசக் கருவாடு கெடுதா?

அதான் ரெண்டையும் கொண்டு போறேன். ரெண்டையும் சேத்துக் குடுத்துட்டா ரெண்டு ரிப்போர்ட்டும் வந்துரும்லா. பழசுல ஒண்ணுமில்லன்னு வரும். வந்துட்டா நான் சொன்னது பொய்யில்லன்னு ஆயிரும். டாக்டரம்மாவுக்கும் மருந்து குடுக்க வசதியாப் போவும்.

எம்மா, ஒரு சந்தேகம். நீங்க படிச்சவிய, தெரியும் உங்களுக்கு. பதினோரு மாசத்துக்கு முந்தி எடுத்த துண்டுல, அன்னைக்கு இருந்தது தெரியுமா, இல்ல இன்னைக்கு இருக்கது தெரியுமா?

அன்னைக்கு இருந்ததுதானா.

ம்.

அன்னைக்கு ஒண்ணும் இருந்திருக்காது. மேலாப்புல ஒரு செவப்பு, அம்புட்டுதான். நான் பாத்தேன்லா.

இது எந்த ஊரு, கருங்குளமா? சரி. இப்ப அந்த உதவியக் கேக்கேன். சேர்மதுரை இன்னமும் அதே கவுண்டர்லதான் உக்காந்திருக்கான். இப்ப சம்பந்தி வீடு வேற. நீங்க வரிசையில நின்னு குடுத்துருவியளா? உங்க சொந்தக்காரவியன்னு சொல்லி. நான் வெளிய மரத்தடியில நிக்கேன். பத்து நிமிசம்.

யோசிக்காதிய. முதல்ல இதப் பாருங்க. சுத்தி உப்பு பூத்திருக்கே, இது பழசு. இது புதுசு. மேல உள்ள சீட்டப் படிங்க, பழசுல உள்ளத. மெதுவா. பின்னால ஆள் இருக்கு.

ஜெயக்கொடி. சரி. நாப்பத்தொண்ணு, வயசு. சரி. நம்பர். சரி. பிறவு?

திருப்பிப் பாருங்க. டேப்புக்கு அடியில இருக்கும். எந்த எடத்துல எடுத்ததுன்னு எழுதியிருக்கும்லா.

இல்லையா.

நல்லாப் பாருங்க எம்மா.

கவருக்குள்ளயா? அத லேப்பு டாக்டருதான் பிரிப்பாவளா? கவுண்டர்ல இருக்கவன் பிரிக்கமாட்டானா?

அன்னைக்கும் அவன் அம்புட்டுத்தான் படிச்சான். இன்னார், வயசு, நம்பர். கேட்டுது எனக்கு. கடைசியில நின்னாலும் கேட்டுது.

இல்ல, அப்படிச் சொல்ல முடியாதுல்லா. ஜெயக்கொடின்னு பேரப் படிச்சாலே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் எதுக்குன்னு கேட்டிருப்பான். கேக்காம இருப்பானா? கேட்டிருப்பான். கல்யாணம் நின்னுருக்கும்.

தண்ணி இருக்கா? ஒரு வாயி குடுங்க.

போன் அடிக்கி. என்னோடதுதான், பைக்குள்ள கெடக்கு. பாட்டில இப்படித் தாங்க. பேரு பாருங்க யாருன்னு. கொடிதானே? தெரியும். செய்துங்கநல்லூர் வந்துட்டோ? நேரம் பாத்து அடிப்பா. எடுத்தா முதல் பேச்சே அதுதான், குடுத்தாச்சா மதினின்னு.

நீங்க எடுங்க எம்மா. உங்க மதினி உள்ள ரசீதுக்கு நிக்காவ, குடுத்தாச்சுன்னு சொல்லுங்க. உங்க குரலுன்னா நம்புவா. என் குரல இப்பல்லாம் அவ நம்புறதில்ல, கேக்கும்போதே எனக்குத் தெரியுது.

எடுங்க.

நின்னுட்டு பாத்தியளா. பரவாயில்ல, மறுபடி அடிப்பா. அதுக்குள்ள உங்கட்ட கைக்குட்டை இருந்தா குடுங்க, இதத் துடைச்சிருவோம். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். உப்பு தெரியக்கூடாது.